பலகையின் வலது மூலை

தொழிற்சாலைப் பயிற்சி மையங்களில் ஆங்கிலம் சொல்லித்தரப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். பாடத்திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் ஒருவர் எழுந்து பிழையே இல்லாமல் ஒரு வாக்கியம் சொன்னால் நமக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். அந்தக் குளிர்ச்சியைச் சந்தேகியுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு நல்ல பெயர் தரும் கதை அல்ல இது.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி, இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆங்கிலம் சொல்லித்தர என்னை எடுத்தார்கள். வெளிநாட்டுக் கூட்டாளிக் கம்பெனியின் பொறியாளர்கள் வந்து போகப் போகிறார்கள், தொழிலாளிகள் நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். எம்.ஏ. முடித்து டுடோரியலில் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வேலை. முதல் ஷிப்ட் முடிந்ததும் கேண்டீனுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் வகுப்பு. டீயும் போண்டாவும் உண்டு.

வந்தவர்கள் யாரும் முன்வரிசையில் உட்காரவில்லை. கதவை மூடவும் விடவில்லை. வெல்டிங் பிரிவு டேவிட், மணிமங்கலம் பக்கத்து ஆள், உட்காருவதற்கு முன் தினமும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பான்.

"என்ன பாக்குற டேவிட்?"

"ஒண்ணியும் இல்ல சார். காத்து வருதான்னு."

காற்று வராத ஜன்னல் அது. அந்தப் பக்கம் சுவர்.

இன்னொரு நாள் அவனே கேட்டான். "சார், இங்கிலீஷு கத்துக்கினா சம்பளம் ஏத்துவாங்களா?"

"அப்படி ஒண்ணும் சொல்லலை."

"அப்ப இன்னாத்துக்கு சார் போண்டா வேற போட்டுக் கத்துத்தராங்க? ஓசில குடுத்தா அதுக்குள்ள எதனா இருக்கும் சார்."

பின்வரிசை சிரித்தது. தொழிற்சாலையில் சங்கம் தொடங்கும் பேச்சு அப்போது மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. யார் வாய் நீளம் என்று பார்க்கத்தான் இந்த வகுப்பு என்று அவர்கள் தங்களுக்குள் முடிவு கட்டியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கோபம்தான் வந்திருக்கும். என்னை ஒற்றனாக நினைக்கிறார்களே என்று.

நான் கற்பித்த முறை கட்ட முறை. உங்களில் பலரும் இன்றும் அதைத்தான் செய்கிறீர்கள். தமிழில் 'எப்பவுமே' என்ற சொல்லை வாக்கியத்தின் தலையில் வைத்தாலும் இடுப்பில் வைத்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆங்கிலம் இடம் பார்க்கும். முதலில் ஆள், அடுத்து எவ்வளவு அடிக்கடி என்று சொல்லும் வினையடை, பிறகு வினை, கடைசியில் 'இங்' என்று முடியும் தொழிற்பெயர். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் போன்ற வினைகளுக்குப் பின்னால் 'டு வொர்க்' என்று வராது, 'வொர்க்கிங்' என்றுதான் வரவேண்டும். இதை விதியாகச் சொன்னால் தூங்கிவிடுவார்கள். பலகையில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் சில சொற்களை அடுக்கி, ஒரு கட்டத்துக்கு ஒரு சொல்லாகப் பொறுக்கிச் சொல்லச் சொன்னால் வாக்கியம் தானாக வந்து விழும்.

"தொழிற்பெயர்னா ஃபிட்டர், டர்னர் மாதிரியா சார்?" என்றான் டேவிட்.

"இல்லப்பா. செய்யற வேலையே ஒரு பொருள் மாதிரி பேரா மாறிடறது. ஓடுதல், பார்த்தல். அதை விரும்பலாம், தவிர்க்கலாம், நிறுத்தலாம்."

"செய்யறவன் பேரு அதுல வராதா?"

"வராது."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று உட்கார்ந்துகொண்டான்.

முதல் வாரம் முழுக்க நடந்தது இதுதான். எழுந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "ஐ ஆல்வேஸ் என்ஜாய் வொர்க்கிங்." நான் எப்போதும் வேலை செய்வதை விரும்புகிறேன். அடுத்தவன், அதற்கடுத்தவன், கடைசி பெஞ்சு வரை அதே. கட்டத்தில் வேறு எத்தனையோ சொற்கள் இருந்தும் யாரும் தொடவில்லை. எனக்கு இது கேலியாகப் பட்டது. யாரோ சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். அது கேலி இல்லை. அந்த அறையில் சொல்வதற்குப் பாதுகாப்பான ஒரே வாக்கியம் எதுவென்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

நான் முறையை மாற்றினேன். இனி யாரும் கட்டத்திலிருந்து பொய் சொல்லக் கூடாது, தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல வேண்டும் என்றேன். நானே தொடங்கினேன்: காலையில் சீக்கிரம் எழுவது எனக்குப் பெரும்பாலும் பிடிக்காது. சிரித்தார்கள். கடைசிக் கட்டத்தில் அவர்கள் வாழ்க்கையில் உள்ளவற்றை எழுதினேன். தரையைக் கூட்டுதல், கையுறை அணிதல், கார்டைச் சரிபார்த்தல், போண்டா தின்னல். கார்டு என்பது அழுத்து இயந்திரத்துக்குள் கை போகாமல் தடுக்க முன்னால் மாட்டியிருக்கும் கம்பித் தடுப்பு. ஷிப்ட் மாறும்போது முதல் ஷிப்ட் ஆள் அதை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவனிடம் இயந்திரத்தை விட வேண்டும். அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியவன் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்தேன். அன்றைய சிறந்த வாக்கியத்தைப் பலகையின் வலது மூலையில் எழுதி, கீழே சொன்னவர் பெயரையும் எழுதி, மறுநாள் வரை அழிக்காமல் விடுவேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாராட்டும் கேட்டிராதவர்களுக்கு இது உற்சாகம் தரும் என்று நினைத்தேன்.

பயிற்சிப் பிரிவின் தலைவர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். நிறையப் பேச மாட்டார். ஒருநாள் மாலை அந்த மூலையைப் பார்த்துவிட்டு, "வகுப்பு முடிஞ்சா பலகையை அழிச்சிட்டுப் போங்க சார்" என்றார்.

"நாளைக்கு வந்து பார்த்தா அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும் சார்."

"அவங்க மட்டும்தான் பார்ப்பாங்களா?"

எதையும் சந்தேகப்பட்டே வாழ்ந்து பழகிய மனிதர் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் வேறொருவரும் அந்த மூலையைப் படித்துக்கொண்டிருந்தார். பெர்சனல் ஆபீசர், ஆட்களை எடுப்பதும் நீக்குவதும் அவர் பொறுப்பு, சாயங்காலங்களில் வராந்தாவில் நின்று பலகையைப் பார்ப்பார். "பிரமாதம் சார். உங்க ஆளுங்க மனசு திறந்து பேசறாங்க" என்பார். அவருக்கு ஆங்கிலத்தில் ஆர்வம் என்று நம்பினேன். உண்மையைத் தவிர வேறெதையும் என் வகுப்பில் அனுமதிப்பதில்லை என்று அவரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

ஏழுமலை அழுத்து இயந்திரப் பிரிவு. பிள்ளைப்பாக்கத்துக்காரன். அப்பா வயலை புரோக்கரிடம் விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தார், திரும்பிப் போக நிலம் இல்லை. டெம்பரரியாக இருந்தவன், சீக்கிரம் பர்மனென்ட் ஆவான் என்ற நம்பிக்கையில் பெண் பார்த்து நிச்சயமும் செய்துவிட்டார்கள். வகுப்பில் அவன் வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். போண்டா தின்பதை ஒருபோதும் நிறுத்துவதில்லை என்பதுதான் அவன் முதலில் சொன்ன ஆங்கில வாக்கியம்.

ஒரு பிற்பகல் அவன் எழுந்து, பலகையை விரலால் தொட்டுக்காட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினான். "ஐ... சம்டைம்ஸ்... அவாய்ட்... செக்கிங் தி கார்ட்." நான் சில சமயம் கார்டைச் சரிபார்ப்பதைத் தவிர்க்கிறேன்.

முன்னால் இருந்தவர்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள். பிறகு யாரோ, "டேய், வாய வச்சிக்கினு சும்மா இருடா" என்றார்கள்.

ஏழுமலை சிரிக்கவில்லை. "ஏன்னா சார்..." என்று தமிழில் தொடங்கினான்.

நான் கையை உயர்த்தினேன். "தமிழ் வேண்டாம். போதும், அழகா வந்திருக்கு. உக்காரு."

"இல்ல சார், அது ஏன்னா..."

"உக்காருப்பா. இதுக்கு மேல ஒரு சொல் சேர்த்தா கெட்டுடும்."

எல்லாச் சொற்களும் அதனதன் இடத்தில் இருந்தன. வினையடை வினைக்கு முன்னால், தொழிற்பெயர் வினைக்குப் பின்னால். முதன்முறையாக ஒருவன் தனக்குப் பாதகமான ஓர் உண்மையை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். என் முறை வென்றது என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வலது மூலையில் எழுதத் தொடங்கினேன்.

"சார், பேரு வாணாம் சார்" என்றான்.

"ஏன்? பெருமைப்பட வேண்டிய விஷயம்."

"பெருமதான் சார். ஆனா பேர செவுத்துல எழுதுனா நமக்கு ராசியில்ல."

சிரித்துக்கொண்டே எழுதினேன். ஏழுமலை.

அடுத்த இரண்டு நாள் வெளிநாட்டுக்காரர்கள் வருகைக்காக வகுப்பு இல்லை. பலகை அப்படியே இருந்தது. அந்த இடைவெளியில்தான் விபத்து. இரண்டாவது ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஏழுமலை விட்டுப்போன அதே இயந்திரத்தில் பலராமன் என்பவர் கை சிக்கி விரல்கள் போயின. கார்டை இயந்திரத்தோடு இணைக்கும் இரும்பு ஆணி, 'பின்' என்பார்கள், தேய்ந்து கழன்றிருந்தது. ஷிப்ட் மாறும்போது ஆட்டிப் பார்த்ததாகவும், பின் தேய்ந்திருப்பதை சூப்பர்வைசரிடம் சொன்னதாகவும், பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதாகவும் ஏழுமலை சொன்னான். தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர். அரசாங்கத்துத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார். அதற்குள் தவறு யார் மேல் என்பது முடிவாக வேண்டும். சூப்பர்வைசர் மேல் என்றால் அது நிர்வாகத்தின் மேல்.

பெர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். நான் உட்கார்ந்ததும் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"பலகையில இருக்கற வாக்கியத்தைப் பார்த்தேன் சார். அது சும்மா பயிற்சிக்குச் சொன்னதா, இல்ல நிஜமா?"

நான் டீயைக் கையில் எடுத்தேன்.

"பயிற்சிக்குன்னா சொல்லிடுங்க. அதோட விட்டுடறேன். கட்டத்துல இருந்ததை எடுத்துச் சொன்னான், அவ்வளவுதானேன்னு போயிடலாம். ஆனா உங்க வகுப்புல பொய்க்கு இடமில்லைன்னு நீங்கதான் சொன்னதா ஞாபகம்."

இந்த இடத்தில் உங்களுக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். அவர் என்னை மிரட்டவில்லை. மிரட்டினார் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. 'பயிற்சிதான் சார்' என்ற இரண்டு சொற்கள் போதும், அதற்கான வாசலை அவரே திறந்து வைத்திருந்தார். அந்த வாசல் வழியாகப் போனால் என் முறை வெறும் கிளிப்பேச்சு என்று ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. கூடவே, ஏழுமலை மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரிபார்ப்பதில்லை என்று அவன் வாயாலேயே சொன்னானே, இப்போது மாற்றிச் சொல்கிறானே என்று. ஒருவன் சிரித்துப் பேசுபவன் என்பதே அப்போது எனக்கு அவனுக்கு எதிரான சாட்சியாகத் தெரிந்தது.

"நிஜம்தான் சார்" என்றேன்.

"நல்லது. விசாரணையில இதையே சொல்லுங்க. அதுவரைக்கும் அந்தப் பலகையை யாரும் அழிக்க வேண்டாம்."

விசாரணை அதே வகுப்பறையில் நடந்தது. பலகை அங்கே இருந்ததால். ஏழுமலை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். எங்களுக்கு நடுவில் ஒரு மேஜை. வாக்கியத்தை நான் படித்துக்காட்டி, பொருளும் சொன்னேன். பெர்சனல் ஆபீசர் என்னைக் கேட்டார், இவன் சொன்னதுதானா? ஆமாம். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. உண்மையைச் சொல்லும்படிதான் கேட்டீர்களா? ஆமாம்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். "சார், நீங்கதான நெஜத்த சொல்லுன்னீங்க. அதான் சொன்னேன்."

"அப்ப செக் பண்றதில்லைன்னு ஒத்துக்கறே" என்றார் பெர்சனல் ஆபீசர்.

"சில நாளு வுட்டுருவேன் சார். இல்லங்கல. பின்னு தேஞ்சி கீது, மாத்துங்கன்னு எத்தினி தபா சொல்றது? சொன்னா, சூப்பர்வைசரு புரொடக்சன் போவட்டும்பாரு. மாத்தாத பின்ன தெனம் ஆட்டிப் பாத்து இன்னா பண்ணச் சொல்றீங்க? ஆனா அன்னிக்கு பாத்தேன் சார். ரொம்ப ஆடுச்சு. சொல்லிட்டுத்தான் வூட்டுக்குப் போனேன்."

"இதையெல்லாம் இப்பத்தான் சொல்றே. விரல் போனதுக்கப்புறம்."

"முன்னாடியே சொல்ல வந்தேன் சார். கிளாஸ்லயே. சார கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்தது. 'ஏன்னா சார்' என்று அவன் இரண்டு முறை தொடங்கியது. நான் கை உயர்த்தியது. அவன் அந்த வாக்கியத்தைச் சொன்னது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்காக அல்ல. அது ஒரு புகார். வேறு எங்கும் கேட்க ஆளில்லாத புகாரை, உண்மையைச் சொல் என்று ஒருவன் கேட்ட இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். ஆள், எவ்வளவு அடிக்கடி, வினை, தொழிற்பெயர் என்று நான் போட்ட கட்டங்களில் காரணத்துக்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் தமிழில் சொல்ல வந்தான். வாக்கியம் கெட்டுவிடும் என்று நான் தடுத்தேன். விபத்துக்கு முன்பே அவன் ஏதோ சொல்ல வந்தான் என்று நான் ஒருவன் சொல்லியிருந்தால் போதும். சூப்பர்வைசரை மறுபடி விசாரித்திருப்பார்கள். வேறு யாராவது துணிந்து எழுந்திருப்பார்கள்.

"வாக்கியத்தை முடிச்சிட்டு உக்காந்துட்டான்" என்றேன். "வேற எதுவும் எனக்கு நினைவில்லை."

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் யார் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. டெம்பரரி ஆளை நிறுத்த வேறு சடங்கு தேவையில்லை. நிச்சயித்த பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேண்டீனில் காதில் விழுந்தது. நான் போய் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளைப்பாக்கம் எட்டாத தூரமும் இல்லை.

பயிற்சிப் பிரிவுத் தலைவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தன் மேஜை டிராயரிலிருந்து ஒரு புதிய டஸ்டரை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

நீங்கள் இளையவர்கள். உங்கள் வகுப்புகளிலும் இப்படி யாராவது வந்து நிற்பார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் உங்கள் முறையைப் புகழ்ந்தால், அவர் எதைப் படிக்கிறார் என்று பாருங்கள். எழுந்து நிற்பவர் 'ஏன்னா' என்றால் வாக்கியம் போனால் போகட்டும், கேளுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் கேளுங்கள். சொன்னவர் பெயரை அவரைக் கேட்காமல் எங்கும் எழுதாதீர்கள். போகும்போது பலகையை அழித்துவிடுங்கள். இவற்றை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர ஒருவர் முயன்றபோது நான் அவரைச் சந்தேகப்பிராணி என்று நினைத்தேன்.

விசாரணைக்குப் பிறகு நடந்த முதல் வகுப்பைச் சொல்லி முடிக்கிறேன். எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை. அன்று டேவிட் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கவில்லை. வலது மூலையில் அந்த வாக்கியமும் பெயரும் அப்படியே இருந்தன.

"சார், அத அழிச்சிரலாமா?" என்றான் டேவிட்.

கையில் டஸ்டர் இருந்தது. "ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பாடத்தைத் தொடங்கச் சொன்னேன். முதல் ஆள் எழுந்தார். "ஐ ஆல்வேஸ் என்ஜாய் வொர்க்கிங்." அடுத்தவர் எழுந்தார். அதே வாக்கியம். அதற்கடுத்தவரும் அதே. உச்சரிப்பில்கூடப் பிழையில்லை. வினையடை அதன் இடத்தில், தொழிற்பெயர் அதன் இடத்தில். ஒவ்வொருவர் முடித்ததும் நான் 'வெரி குட்' சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

கடைசியாக டேவிட். அவனும் அதையே சொன்னான், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. உட்காரப் போனவன் பாதியில் நின்றான்.

"ஏன்னு கேக்கமாட்டீங்கல்ல சார்?"